அப்பிள் மரத்தடிக் குழி

மழை பெய்த மறுநாள் மண் கிண்டுவது சுகமான வேலை. மண்வெட்டி தானாக இறங்கும். பதினான்கு வருடங்களாக இதைத்தான் செய்கிறேன். விவசாயிகள் வடிகால் வெட்டுவதற்கு முன், நிலத்தில் பழங்காலத்து எச்சங்கள் கிடக்கின்றனவா என்று கிண்டிப் பார்த்து அறிக்கை கொடுப்போம். பத்து மீற்றருக்கு ஒரு குழி; ஊர்ப் பேச்சில் கிடங்கு.

அருளம்பலம் அண்ணைக்கு நகரத்தில், லாசால் பகுதியில் வீடு, ஆற்றுக்கு அப்பால் சிறிய மரக்கறித் தோட்டம். ஈரம் பிடித்த நிலம். வடிகால் குழாய் தாழ்க்காவிட்டால் இந்த வருடமும் கத்தரி அழுகிவிடும். ஆய்வுக்கு எங்கள் நிறுவனம் என்னை அனுப்பியது தற்செயல்தான்.

ஐந்து வருடங்களுக்கு முன், எங்கட ஆட்கள் நிறைய இருக்கும் பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு பிறந்தநாள் விழாவில், அண்ணை என்னைக் காட்டி, "இவர் கனடாவுக்கு வந்து கிடங்கு வெட்டுறார்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவருடைய மனைவி பாலாம்பிகை அக்காவும் சிரித்தார். பச்சைச் சேலை கட்டியிருந்தார். அதையெல்லாம் நான் மனதில் வைத்திருக்கவில்லை.

ஆய்வுக்குப் போன அன்று, வேலை தொடங்கமுன், தோட்டத்தில் அண்ணை என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தம்பி, அந்த அப்பிள் மரத்தடியில மட்டும் கிண்டாதையும். எங்கட பிள்ளை அங்கதான் கிடக்கு."

இறந்து பிறந்த மகனை, ஒருவரிடமும் அனுமதி கேட்காமல், ஒன்பது வருடங்களுக்கு முன் அங்கே புதைத்திருந்தார்கள்.

"ஓம் அண்ணை, பாப்பம்" என்றேன்.

குழி விழும் இடத்தை நாங்கள் தெரிவு செய்வதில்லை. அளவுக்கு முதல் முளைக் கம்பை அடித்தால், குழிகள் எல்லாம் அதிலிருந்து கணக்குப்படி வரும். மூன்றாம் வரிசையில் ஐந்தாவது குழி மரத்தடியில் வந்தது. ஒரு மீற்றர் தள்ளி வெட்டலாம், அதற்கு இடமுண்டு. நான் தள்ளவில்லை.

"தம்பி, அது அவன்ர இடம்" என்று அக்கா மண்வெட்டிப் பிடியைப் பிடித்துக்கொண்டார். விரல்களை ஒவ்வொன்றாக, நோகாமல்தான் எடுத்துவிட்டேன். முதலில் மஞ்சள் கம்பளித் தொப்பி வந்தது. பக்கத்தில் அளவுகோலை வைத்துப் படம் எடுத்தேன். பிறகு எலும்பு. எலும்பு வந்தால் பொலிசுக்குச் சொல்ல வேண்டும், சொன்னேன். ஒரு பெட்டியில் இலக்கம் போட்டுக் கொண்டுபோனார்கள். குழாய் வேலை நின்றுபோனது. அக்கா இப்போது ஒருவரோடும் கதைப்பதில்லையாம். கவலைதான்.

விசாரிக்க வந்த நீங்கள் முதல் முளையைப் பற்றிக் கேட்கிறீர்கள். வழக்கமாக அதை வேலி மூலையில் அடிப்போம். அன்று மட்டும் மரத்தடியிலிருந்து பின்னோக்கி அளந்து வந்து அடித்தேன். அளவு நாடாவின் மறுமுனையை யாராவது பிடிக்க வேண்டுமே. அக்காவைத்தான் கேட்டேன். பிள்ளையின் இடத்தை விலக்கிவிடுவதற்கு அளக்கிறேன் என்று அவர் நினைத்தார். குந்தியிருந்து, பிள்ளை கிடந்த இடத்தில் முனையை விரலால் அழுத்திப் பிடித்தார்.

"பெரிய உபகாரம் தம்பி" என்றார்.

குழி ஓர் அங்குலமும் பிசகவில்லை. கிடங்கு வெட்டத் தெரிந்தவன் அப்படித்தான் வெட்டுவான்.