தாளுக்குள் அடங்காத பூ

— பெனிட்டோ, அந்த வாளியக் கீழ வை. மேசை மேல ஒரு சொட்டுத் தண்ணி பட்டுச்சு, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்.

— தள்ளு ரமோனா. அஞ்சு மணிக்குப் பெத்தவங்க எல்லாம் பிள்ளைங்க வரைஞ்ச படத்தப் பாக்க வர்றாங்க. அதுக்குள்ள இந்தக் கூத்தத் துடைச்சாகணும், சொல்லிட்டேன்.

— கூத்தா? உன் மக வரைஞ்ச படம்டா இது.

— படம்னா தாள்ல இருக்கணும். தாள் இங்க கெடக்கு, சிவப்பு எங்கயோ போகுது. மேசை முழுக்க, மேசைக் கால் வரைக்கும்! மத்த பிள்ளைங்க படமெல்லாம் அழகா சுவர்ல தொங்குது. எம் மக மட்டும்தான் இப்படி.

— நான்தான் அப்படிச் சொல்லிக் குடுத்தேன்.

— மேசைய நாசம் பண்ணுன்னா?

— இது ஓவியர் ஓகீஃப் அம்மா வாரம், பாடமெல்லாம் அவங்க படம்தான். அபிக்யூ ஊர்ல இருந்துக்கிட்டு அவங்க பூ வரைஞ்சா மூலையில பொட்டு மாதிரியா வரைஞ்சாங்க? அதனால பிள்ளைங்களுக்கு ஒரே ஒரு விதி போட்டேன். பூ தாளோட நாலு ஓரத்தையும் தாண்டிப் போகணும். மத்ததுங்க ஓரத்துல வந்து நின்னுடுச்சுங்க. உன் மக நிக்கல.

— அதுக்கு இன்னும் ஆறு வயசு முடியல. தாண்டுன்னா தாண்டத்தான் செய்யும். வாத்தியாரம்மா உனக்கு அறிவு வேணாம்?

— அது எனக்குக் கிடையாதுன்னு நாம ஒண்ணாப் படிக்கும்போதே ஊரெல்லாம் சொன்னவன்தானே நீ.

— விளையாடாத. வர்றவங்க என்ன பேசுவாங்க தெரியுமா? பள்ளிக்கூடம் கூட்டுறவன் மக, அப்பன் துடைச்சுக்குவான்ற திமிரும்பாங்க. பதினொரு வருஷமா இந்தத் தரையப் பாத்து ஒருத்தன் குறை சொன்னதில்ல. அது என் மானம்.

— தெரியும். உன் தரையில எனக்கும் பெருமைதான். ஆனா இதப் பாரு. இந்த வருஷம் பள்ளிக்கூடம் திறந்த நாள்ல இருந்து உன் மக டெல்ஃபினா வரைஞ்சதெல்லாம் இந்த அட்டைக்குள்ள இருக்கு.

— வெறுந்தாளால்ல இருக்கு?

— கீழ் மூலையப் பாரு.

— என்ன இது, எறும்பா?

— குதிரை. இது உங்க வீடு. வாசல்ல நிக்கறது நீ.

— நானா? நகத்தளவு கூட இல்லையே!

— ஏன் மிஹா, ஏன் மகளே இவ்ளோ சின்னதா வரையுறேன்னு கேட்டேன். பெருசா வரைஞ்சா பெயிண்ட் சிந்துமாம். சிந்துனா அப்பாதான் மண்டி போட்டுத் துடைக்கணுமாம்.

— அப்படியா சொன்னா?

— ஆமா. இன்னிக்குத்தான் அத மறந்து வரைஞ்சா. முழங்கை வரைக்கும் சிவப்பு, வாயெல்லாம் பல்லு. எத்தனையோ பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்துட்டேன், இப்படி ஒண்ணு மனசு நிறைஞ்சு வரைஞ்சு நான் பாத்ததில்ல. எனக்கு அவ்ளோ பெருமையா இருக்கு பெனிட்டோ. வெறும் தண்ணிப் பெயிண்ட்தான், ஒரு இழுப்புல போயிடும். இழுக்கறதுன்னா இழு. நான் தள்ளிக்கறேன்.

— அவ எங்க இப்ப?

— கதவுக்கு வெளிய. கையில ஈரத் துணியோட நிக்கறா.

— மிஹா! உள்ள வா.

— அப்பா, நானே துடைச்சுடறேன்ப்பா. நீ குனிய வேணாம்.

— துணிய வாளிக்குள்ள போடு. போட்டியா? இப்ப சொல்லு, இது என்ன பூ?

— நம்ம வேலியோரமா உன் உசரத்துக்கு நிக்குமே, அந்தச் சிவப்புப் பூ. ஆனா இது பூ இல்லப்பா.

— பின்ன?

— இதழ். ஒண்ணுதான் வந்துச்சு. அதுக்குள்ள மேசை முடிஞ்சுபோச்சு.

— ஒரு பூவுக்கு மொத்தம் எத்தன இதழ்?

— அஞ்சு. நான் எண்ணிப் பாத்திருக்கேன்.

— பெனிட்டோ, எங்க போற? வாளிய இங்க விட்டுட்டு எங்க கிளம்பிட்ட?

— எம் மக பூ இன்னும் முடியல. சாப்பாட்டுக் கூடத்துல இருந்து நாலு மேசை தள்ளிட்டு வரேன், நீ கதவப் புடி.