முடி கனத்தில் ஒரு கோடு

மழைக்காலத்தில் ஓடுகிறவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது காலுறையைத்தான். சட்டை நனைந்தால் ஒன்றுமில்லை, காய்ந்துவிடும். காலுறை நனைந்தால் ஐந்தாவது கிலோமீட்டரில் கொப்புளம் வரும், பத்தாவதில் உடையும். விரல் இடுக்குகளில் வாசலின் தடவிக்கொண்டால் தப்பிக்கலாம். என்கூட ஓடிய வாத்தியாருக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது நான்தான். கடைசி நாள்வரை தவறாமல் செய்தார். பிரேதப் பரிசோதனை அறிக்கையில் நீங்களே பார்த்திருப்பீர்கள். பாதங்களில் ஒரு கொப்புளம்கூட இல்லை.

ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள் ஐயா. சொல்கிறேன். எனக்கு அவசரம் இல்லை.

இருபத்திரண்டு வருடங்களாக ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கிறேன். வருகிறவரைப் பலகையில் படுக்க வைப்பேன், காலைத் திருப்பி வைப்பேன், ‘அசையாதீங்க’ என்பேன், கதவுக்கு வெளியே போய்ப் பொத்தானை அழுத்துவேன். படத்தைப் பார்த்து எழுதுவது டாக்டரின் வேலை. ஆனால் இத்தனை வருடம் பார்த்த கண்ணுக்கு டாக்டர் எழுதப்போவது முன்னாலேயே தெரிந்துவிடும். தெரிந்தாலும் வாயைத் திறக்கமாட்டேன். அது எங்கள் தொழில் ஒழுங்கு.

ஓட ஆரம்பித்தது நாற்பது வயதில், சர்க்கரை வந்துவிடும் என்று யாரோ சொன்ன பயத்தில். நான் சின்ன வயதிலிருந்தே பயந்த சுபாவம். இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு காலை ஏரிக்கரைச் சாலையில் தனியாக ஓடிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்தது. யாரோ உள்ளே கையை விட்டு முறுக்குவது மாதிரி. சரளைக் கல்லில் விழுந்து நாற்பது நிமிடம் கிடந்தேன். கைகால் அசையவில்லை. ஓர் எறும்பு உதட்டில் ஏறி மூக்குவரை போய்த் திரும்பி வந்தது. அதை ஊதித் தள்ளக்கூட என்னால் முடியவில்லை. பால் வண்டிக்காரர் ஒருவர் பார்த்து ஏற்றிக்கொண்டு போனார். எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டு, “இதயம் கல்லு மாதிரி இருக்கு. நீங்க சும்மா பயந்திருக்கீங்க, அவ்வளவுதான்” என்றார் மருத்துவர். சும்மா பயம் என்று ஒன்று இருப்பதாக அவர் நினைக்கிறார்.

அன்றிலிருந்து தனியாக இருந்தால் என் நெஞ்சுத் துடிப்பு எனக்கே கேட்கும். குளிக்கும்போது கேட்கும். எக்ஸ்ரே அறையின் கனத்த கதவு சாத்திக்கொண்டால் கேட்கும். எண்ண ஆரம்பிப்பேன். எண்ணிக்கை தப்பும், உடனே வியர்த்துக் கொட்டும். பக்கத்தில் யாராவது கூட ஓடும்போது மட்டும்தான் அந்தச் சத்தம் நிற்கும். ஓட்டத்தை விட்டுவிடலாமே என்று என் மனைவியும் கேட்டாள். நாளுக்கு அந்த ஒரு மணி நேரம்தான் எனக்கு அமைதி. அதையும் விடச் சொன்னால் எப்படி?

எங்கள் குழுவில் எட்டுப் பேர். வெயில் காலத்தில் எட்டும் வரும். மழை பிடித்ததும் ஒருவருக்கு ஜலதோஷம், ஒருவருக்கு முட்டி, ஒருவருக்கு மாமியார். கடைசியில் மிஞ்சியது நானும் வாத்தியாரும்தான். அவர் பெண்கள் பள்ளியில் கணக்கு வாத்தியார், என்னைவிட ஏழு வயது இளையவர். நினைத்தால் என்னைக் கால் மணி நேரம் பின்னால் விட்டுவிட்டுப் போகக்கூடியவர். போகமாட்டார். என் வேகத்துக்கு இறங்கி வந்து, வழியெல்லாம் பேசிக்கொண்டே வருவார். பரீட்சைத் தாளில் பிள்ளைகள் எழுதிய கூத்தையெல்லாம் சொல்லுவார். விடை தெரியாத ஒரு பெண், ‘சார், உங்களுக்கே தெரியும், நான் வேற எதுக்கு?’ என்று எழுதி வைத்திருந்தாளாம். அதைச் சொல்லி இரண்டு கிலோமீட்டர் சிரித்தார்.

நாற்பத்திரண்டு கிலோமீட்டர் பந்தயத்துக்கு இருவரும் பெயர் கொடுத்திருந்தோம். அதற்கு எட்டு வாரம் இருக்கும்போது அவருக்குத் தொடை இடுக்கில் வலி வந்தது. ஓடினால் வலிக்கும், நின்றால் குறையும், படுத்தால் விண்விண் என்று இருக்கும் என்றார்.

“அண்ணே, உங்க மெஷின்ல ஒரு படம் எடுத்துப் பாத்துடலாமா? எலும்புல ஒண்ணும் இல்லேன்னு தெரிஞ்சா போதும். நிம்மதியா ஓடுவேன்.”

ஞாயிற்றுக்கிழமை, சென்டர் மூடியிருந்தது. சாவி என்னிடம் இருந்தது. பெயர் போடும் இடத்தில் ‘சோதனை’ என்று அடித்துப் படம் எடுத்தேன். அவர் உள்ளே பேன்ட் மாட்டிக்கொண்டிருந்தார். நான் வெளியே திரையைப் பார்த்தேன். தொடை எலும்பின் கழுத்தில், மேல் விளிம்பில், ஒரு கறுப்புக் கோடு. முடி கனம்தான் இருக்கும்.

ஐயா, அதே கோடு கீழ்ப்பக்கம் இருந்தால் ஓய்வு எடுத்தால் சரியாகிவிடும். மேல்பக்கம் என்றால் அந்த நிமிடமே கால் ஊன்றக் கூடாது. கக்கத்தில் கட்டை வைத்து நடக்க வேண்டும், ஆணி போட வேண்டியிருக்கும், ஒரு வருடத்துக்கு ஓட்டம் கிடையாது. ஊன்றிக்கொண்டே இருந்தால் ஒருநாள் எலும்பு இரண்டாகப் போகும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள்.

அவர் வெளியே வந்தார். திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தார். எனக்கு அப்போதே நெஞ்சு கேட்க ஆரம்பித்துவிட்டது. நாளைக் காலை ஏரிக்கரையில் நான் மட்டும் ஓடுவது கண்முன் வந்தது. சரளைக் கல், எறும்பு, எல்லாம்.

“எலும்பு சுத்தமா இருக்கு. தசைப் பிடிப்புதான்” என்றேன்.

“அப்பாடா. வயித்துல பாலை வாத்தீங்க அண்ணே” என்றார்.

அடுத்த ஐந்து வாரமும் அவரை என்னைப்போல் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஓட்டத்துக்கு முன்னால் வலி மாத்திரை கொடுத்தேன். தொடையில் டேப் ஒட்டிவிட்டேன். வலி கூடியபோது ஒன்றுக்கு இரண்டு மாத்திரை கொடுத்தேன். நொண்ட ஆரம்பித்தார். நொண்டுவதால் என் வேகத்துக்கு இன்னும் பொருத்தமாகவே வந்தார். ஒருநாள் அவர் மனைவி வாசல்வரை வந்து கேட்டார். வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைக்கிறவர், கழுத்தில் அளவு நாடாவோடு நின்றார்.

“ராத்திரியெல்லாம் தூங்க மாட்டேங்கிறார் அண்ணா. வேற டாக்டர்கிட்ட காட்டட்டுமா?”

“நான் படமே எடுத்துப் பாத்தாச்சும்மா. டாக்டரும் அதைத்தான் எடுப்பார்” என்றேன். அவர் முகம் தெளிந்தது. ஒருவர் பயத்தைப் போக்குவது எவ்வளவு சுலபம் என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

பந்தயத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது வந்தது கடைசி நீண்ட ஓட்டம், முப்பது கிலோமீட்டர். முந்தின நாளே வானொலியில் காற்று பலமாக இருக்கும் என்று சொன்னார்கள். காலை ஐந்து மணிக்கு அவர் வீட்டு வாசலில் மழை சாய்ந்து அடித்துக்கொண்டிருந்தது. குளிரில் தாடை ஆடியது.

“இன்னிக்கு விட்டுடலாமாண்ணே? கால் ரொம்பக் கெஞ்சுது.”

“பந்தயத்தன்னிக்கு மழை வராதுன்னு யாராவது எழுதிக் குடுத்திருக்காங்களா? மெதுவா போலாம், வாங்க.”

வந்தார். போனை மழைக்குப் பயந்து வீட்டில் வைத்துவிட்டு வந்தார். என்னுடையது இடுப்புப் பையில், பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது.

பதினோராவது கிலோமீட்டர், ஏரிக்கரை. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் சரிவு, நடுவில் காற்று ஆளைத் தள்ளியது. அன்று வாத்தியார் பேசவே இல்லை. எனக்கு அது பிடிக்கவில்லை, ஏதாவது சொல்லுங்களேன் என்று கேட்கத் திரும்பினேன். அப்போது சத்தம் கேட்டது. ஈரக் கிளை முறிவது மாதிரி, ஆனால் ஒரு மனிதனுக்குள்ளிருந்து. விழுந்துவிட்டார். வலது கால் வெளிப்பக்கம் திரும்பி, மற்றக் காலைவிடக் குட்டையாகத் தெரிந்தது. பார்த்ததும் புரிந்தது.

கொஞ்ச நேரம் அவர் அலறினார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்:

“அண்ணே, நீங்க எடுத்த படத்துல இது தெரியலையா?”

“இல்லை” என்றேன்.

“சரி. ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்க.”

போனை எடுத்தேன். சிக்னல் இருந்தது. அதை நீங்கள் ஏற்கெனவே விசாரித்திருப்பீர்கள். ஆனால் நான் யோசித்தது இதுதான். ஆம்புலன்ஸ் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். அங்கே முதல் கேள்வியே, முன்னால் படம் எடுத்தீர்களா என்பதுதான். இவர் பொய் சொல்லத் தெரியாதவர். படம் சென்டர் கணினியில் இருக்கிறது. வேலை போகும், கேஸ் வரும், சிறை வரும். சென்டர் அங்கிருந்து ஏழு கிலோமீட்டர். போய் அழித்துவிட்டுக் கூப்பிட்டால் ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். எலும்பு ஏற்கெனவே உடைந்துவிட்டது, ஒரு மணி நேரத்தில் இன்னும் உடைந்துவிடாது.

“உள்ள தண்ணி போயிருச்சு. போன் செத்துப்போச்சு. நான் ஓடிப்போய் ஆளைக் கூட்டிட்டு வரேன்” என்றேன்.

“சீக்கிரம் வந்துடுங்கண்ணே. ரொம்பக் குளிருது.”

அங்கே தனியாகக் கிடப்பது எப்படி இருக்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? என் மழைச்சட்டையைக் கழற்றி அவர்மேல் போர்த்தினேன். இருபது அடி போனதும் குளிர் எலும்பைத் தொட்டது. நான் வழியில் மயங்கி விழுந்தால் இருவருக்குமே உதவி கிடையாது என்று தோன்றியது. திரும்பிப் போய் எடுத்துக்கொண்டேன். எடுக்க வசதியாக அவர் தோளைக் கொஞ்சம் தூக்கிக் கொடுத்தார்.

வழியில் போன் அடித்தது. என் மனைவி. வரும்போது ரொட்டி வாங்கி வரச் சொன்னாள். சரி என்றேன்.

சென்டரில் படத்தை அழித்தேன். நடந்த இடமெல்லாம் ஈரமாக இருந்ததால் துடைத்துவிட்டு, துடைத்த துணியைப் பிழிந்து மாட்டினேன். பிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். இப்போதுதான் விழுந்தார் என்று சொன்னேன். சாலையில் மரம் சாய்ந்து கிடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. அவர்கள் போய்ச் சேரும்போது மொத்தம் மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. விழுந்த இடத்தில் அவர் இல்லையாம். சாலையை நோக்கி முப்பது அடி தவழ்ந்திருந்தாராம். முழங்கை இரண்டும் தேய்ந்து போயிருந்தன. குளிர்தான் காரணம் என்று எழுதியிருக்கிறார்கள், ஒரு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்றும்.

ஒன்றை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை. கரையிலிருந்து சென்டர்வரை அந்த ஏழு கிலோமீட்டரை நான் தனியாகத்தான் ஓடினேன். நாற்பத்தொரு நிமிடம். அந்த மழையில், அந்தக் காற்றில், என் வாழ்நாளில் அவ்வளவு வேகமாக ஓடியதில்லை. நெஞ்சு ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அவர் கூட வந்திருக்கவே வேண்டியதில்லை என்று சென்டர் கதவைத் திறக்கும்போது நினைத்தேன். கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

காரியம் முடிந்த பிறகு அவர் மனைவி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். திட்டப்போகிறார் என்று நடுங்கிக்கொண்டே போனேன். வாத்தியாரின் பந்தய எண் அச்சிட்ட துணியை என் கையில் கொடுத்தார்.

“நீங்க மட்டும்தான் அண்ணா அவரைக் கடைசிவரைக்கும் பாத்துக்கிட்டீங்க. இதையும் போட்டுக்கிட்டு ஓடுங்க.”

என் எண் நெஞ்சில், அவர் எண் முதுகில். அந்த அம்மாவே ஊசிநூல் எடுத்துத் தைத்துக் கொடுத்தார். பந்தயத்தில் ஜனங்கள் கைதட்டினார்கள். சிலர் அழுதார்கள். நான்கு மணி நாற்பது நிமிடத்தில் முடித்தேன்.

படங்களெல்லாம் தானாகவே டாக்டரின் கணினிக்கும் போகும்படி மாற்றியிருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. பந்தயம் முடிந்த மாதக் கடைசியில், அவர் எழுதாமல் தேங்கிக் கிடந்த படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்திருக்கிறார். என்னைக் கூப்பிட்டார்.

“இந்த ‘சோதனை’ யாரு? இந்த ஆள் ஒரு அடிகூட எடுத்து வைக்கக் கூடாதே.”

மெஷினைச் சரிபார்க்க எடுத்தது என்றேன். அவர் படத்தைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என்கூட ஓடியவர் தொடை எலும்பு முறிந்து இறந்தது அவருக்கும் தெரியும். அன்று மாலை நீங்கள் வந்தீர்கள்.

எல்லாம் நான் செய்ததுதான். கோட்டைப் பார்த்தேன், மறைத்தேன், ஓட வைத்தேன், விட்டுவிட்டு வந்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பயம்தான். பயந்தவனுக்குச் சட்டத்தில் ஏதாவது இடம் இருக்கிறதா என்று வக்கீலைக் கேட்க வேண்டும்.

ஒரே ஒரு வேண்டுகோள் ஐயா. அந்த நாளுக்குப் பிறகு, பந்தயமும் முடிந்த பிறகு, அந்தச் சத்தம் திரும்ப வந்துவிட்டது. முன்னைவிட அதிகமாக. இப்போது நீங்கள் எதிரில் இருப்பதால் கேட்கவில்லை. என்னைத் தனி அறையில் மட்டும் போடாதீர்கள். யாராவது ஒருவர் கூட இருக்கட்டும், யாராக இருந்தாலும் சரி. நான் தொந்தரவு தருகிற ஆள் இல்லை. என் பக்கத்தில் இருந்தவர்கள் யாரும் இன்றுவரை என்னைப் பற்றி ஒரு குறை சொன்னதில்லை.