காட்டாமல் விட்ட வரி

நான் எழுதும் மென்பொருளில் படம் இருக்காது, பொத்தான் இருக்காது. கறுப்புத் திரையில் ஒரு சொல்லை அடித்தால் அதற்குரிய வேலை நடக்கும். எந்தச் சொல் என்று தெரியாதவர்களுக்காக 'உதவி' என்று ஒன்று வைப்பேன். அதை அடித்தால் எல்லாக் கட்டளைகளும் வரிசையாக வரும். அந்த வரிசையில் எதைக் காட்டுவது, எதை விடுவது என்பதை வாங்குகிறவர் விருப்பப்படி மாற்றலாம். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

றக்வானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றுக்கு மழைமானியோடு சேர்த்து அப்படி ஒன்று செய்து கொடுத்தேன். மழை அளவு மீறி மண் சரியும் ஆபத்து வந்தால் ஆபீஸில் ஒரு சொல்லை அடிக்க வேண்டும். தொழிலாளர் வரிசை வீடுகள் இருக்கும் மேட்டு லயத்தில் அபாயச் சங்கு ஊதும், சனம் இறங்கிக் கோயிலடிக்குப் போய்விடும். அப்போதிருந்த கிளாக்கர் கபூர் நானா இரண்டு தடவை ஊதினார். மண் சரியவில்லை. மலையில் நின்ற பெண்கள் கூடையைப் போட்டுவிட்டுப் பிள்ளைகளைத் தேடி ஓடி வந்ததில் கொழுந்துதான் போனது. தோட்டத்தை நடத்தும் துரை என்னைக் கூப்பிட்டார்.

"சங்க எடுக்க வேணாம், கவர்மெண்டுல செக் பண்ண வருவாங்க. உதவியில மட்டும், அடுத்து வர்ற கிளாக்கர் கண்ணுல படாம வைங்க."

நியாயமாகத்தான் பட்டது. ஒரு வரியை மறைத்தேன். சங்கு அப்படியே இருந்தது, நான் எதையும் உடைக்கவில்லை.

கபூர் நானா வேலையை விட்ட பிறகு கிருஷ்ணகுமாரி வந்தாள். மேட்டு லயத்துப் பிள்ளை. "ஒண்டையும் பாடமாக்கத் தேவல்ல தங்கச்சி, உதவி எண்டு அடிச்சா எல்லாம் காட்டும்" என்று நான்தான் பழக்கினேன். என்னையும் அண்ணன் முறையில் 'நானா' என்றுதான் கூப்பிடுவாள்.

மண் சரிந்த அன்று மத்தியானம் பலாங்கொடையில் ஒரு கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் மழை கொட்டியது. போனில் அவள் பெயர் வந்தது. எதற்கென்று தெரியும். எடுத்தால் சங்கை ஊத வைக்கும் அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும். சொன்னால், துரை வாங்கித் தருவதாகச் சொன்ன மற்றத் தோட்டங்களின் வேலை கைவிட்டுப் போகும். அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் ஆபீஸிலிருந்து மேட்டுக்கு ஓடியிருக்கிறாள். பாதி வழியில், கண்முன்னாலேயே லயம் மண்ணுக்குள் போயிருக்கிறது. அவளுடைய அம்மா ஜெயம்மா உள்ளே இருந்தார்.

குற்ற உணர்வு இல்லாமலில்லை. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்குவதில்லை.

பாதை திறந்ததும், விசாரணைக்காரர்கள் வருமுன் நான் போனேன். கம்ப்யூட்டர் நனைந்ததா என்று பார்ப்பதாகச் சொல்லி, மறைத்த வரியைத் திரும்பக் காட்ட வைத்தேன். இன்னொரு தடவை இப்படி நடக்கக்கூடாது என்பதற்காகத்தான். மறுநாள் அவர்கள் சொல்ல, கிருஷ்ணகுமாரி உதவி என்று அடித்தாள். சங்குக்கான சொல் முதல் வரியிலேயே நின்றது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பதட்டத்துல நான்தாங்க பாக்காம விட்டுட்டேன்," என்றாள் அவர்களிடம். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "எங்கம்மாவ நானே கொன்னுட்டேன் நானா."

"அழாதீங்க தங்கச்சி, அவசரத்துல யாருக்கும் கண்ணுல படாது," என்றேன்.

அதற்குப் பிறகு அவள் அழுகை கொஞ்சம் அடங்கியது. அந்த நேரத்தில் அவளுக்கு ஆறுதல் சொல்ல நானாவது அங்கே இருந்தேன்.