இளவரசன் பாடிய மூன்று நாட்கள்

எங்கள் கிளினிக்கின் பக்ஸ் இயந்திரம், தொலைநகல் என்பார்களே அது, பழசு. தாளைக் கோணலாகத்தான் இழுக்கும். நிலவுக்கு ஆள் அனுப்புகிற காலத்திலும் இந்த நாட்டு வைத்தியர்கள் ஒருவருக்கொருவர் பக்ஸ்தான் அனுப்பிக்கொள்கிறார்கள். நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த அறிக்கை இமெயிலில் வந்திருந்தால் எங்கள் டொக்டர் நவரட்ணம் தன் போனிலேயே பார்த்திருப்பார். பக்ஸ் என்றபடியால் முதலில் என் கைக்கு வந்தது.

தமிழிலேயே எழுதித் தரலாம் என்று நீங்கள் சொன்னதற்கு நன்றி. விசாரணை செய்கிறவர்கள் இவ்வளவு மரியாதையாக இருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. நீங்கள் கேட்டது ஒரு கேள்விதான். ஒரு நோயாளியின் அறிக்கையை ஏன் ஆறு நாள் என் மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன் என்று கேட்டீர்கள். நோயாளி என்று உங்கள் தாளில் இருப்பது என் மகள் மெலிசா. நான் எமில்டா அமிர்தநாதர். அஜின்கோர்ட்டில் அந்தக் கிளினிக்கின் முன்மேசையில் பதினேழு வருடம் இருந்தவள். ஒரு நாளும் ஒரு தாளைத் தொலைத்ததில்லை. இதையும் நான் தொலைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

மெலிசா பல்கலைக்கழகத்தில் இசை படித்தவள். எங்கள் ஆட்களுக்கு இதைச் சொன்னால் முதலில் காது கேட்காது, பிறகு அனுதாபப்படுவார்கள். சேர்ச்சில் பாடகர் குழுவை நடத்துகிற வின்சன்ற் அண்ணை பன்னிரண்டு வருடமாக, ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிய, "பிள்ளை இன்னும் பாட்டுத்தானோ?" என்று அக்கறையாகக் கேட்டு வந்தார். அவருடைய மகள் பல் வைத்தியர். ஊரார் வாய்க்குள் கை விடுகிற வேலை கௌரவமானது; சொந்த வாயைத் திறந்து பாடுகிற வேலை கௌரவமில்லை. நான் ஒவ்வொரு ஞாயிறும் சிரித்துக்கொண்டு "ஓம் அண்ணை" என்றேன். பன்னிரண்டு வருடத்தில் எத்தனை ஞாயிறு வரும் என்று நீங்களே பாருங்கள்.

போன வருடம் நகர மத்தியில் ஒரு சின்ன ஒப்பராக் குழு அவளுக்குப் பெரிய பாத்திரம் கொடுத்தது. இருநூற்றைம்பது வருடம் பழைய இத்தாலிய ஒப்பரா, முழுக்கப் பாட்டாகவே போகிற நாடகம், கிரேக்கக் கதை. புயலில் அகப்பட்ட ஓர் அரசன், தன்னை உயிரோடு கரை சேர்த்தால் கரையில் முதலில் காண்கிறவரைப் பலி தருவதாகக் கடல் தெய்வத்துக்கு நேர்த்தி வைக்கிறான். கரையில் வந்து நிற்கிறவன் அவனுடைய மகன். ஒரு ஆட்டையோ நாலு மெழுகுதிரியையோ நேர்ந்திருக்கலாம். அரசர்களுக்கு அந்தப் புத்தி வராது. பிறகு மூன்று மணித்தியாலம் எல்லோரும் சொன்னதையே திருப்பித் திருப்பிப் பாடுகிறார்கள். கடைசியில் தெய்வமே குரல் கொடுத்துப் பிள்ளையைக் காப்பாற்றுகிறது. அந்த இளவரசன்தான் மெலிசா.

ஆண் பாத்திரத்தைப் பெண் ஏன் பாட வேண்டும் என்று நானும் கேட்டேன். அந்தக் காலத்தில் இத்தாலியில் நல்ல குரலுள்ள சிறுவர்களைக் குரல் உடைய முன்னமே காயடித்துவிடுவார்களாம். வளர்ந்த பிறகும் அந்த உயர்ந்த குரல் அப்படியே நிற்குமாம். இந்தப் பாத்திரங்களெல்லாம் அவர்களுக்காக எழுதியவையாம். பெற்றவர்களே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் விடுவார்களாம். மெலிசா இதைச் சாப்பாட்டு மேசையில் சொன்னபோது நான் சோற்றைத் தள்ளி வைத்தேன். பேருக்காகப் பெற்ற பிள்ளையின் உடம்பில் கை வைக்க ஒரு தாய்க்கு எப்படி மனம் வரும் என்றேன்.

"பிள்ளைக்கு நல்லதெண்டுதான் நினைச்சிருப்பினம், அம்மா," என்றாள் மெலிசா. அவள் எப்போதும் மற்றவர்களுக்காகத்தான் வாதாடுவாள்.

காட்சிகள் மூன்று: வியாழன் மாலை, வெள்ளி மாலை, ஞாயிறு பின்னேரம். ஞாயிற்றுக்கு எங்கள் சேர்ச் பங்கிலிருந்து நாற்பத்தாறு பேர் வருவதாக இருந்தது. சேர்ச் வாசலிலிருந்து பஸ் ஒழுங்கு செய்தவள் நான். வின்சன்ற் அண்ணைக்கு மேடைக்குக் கிட்ட, தூண் மறைக்காத இடமாகப் பார்த்து எடுத்தேன். அவர் ஒன்றையும் தவறவிடக் கூடாது என்பது என் விருப்பம்.

ஒத்திகையின் கடைசிக் கிழமையில் மெலிசாவின் குரல் கம்மியது. தொண்டை நிபுணர் குழாய் விட்டுப் பார்த்து, சின்ன வீக்கம் போலத் தெரிகிறது, படத்தைப் பெரிய வைத்தியரிடம் காட்டிவிட்டு எங்கள் கிளினிக்குக்கு எழுதுகிறேன் என்று அனுப்பினார். செவ்வாய்க்கிழமை பக்ஸ் வந்தது. இடது குரல் நாணில் இரத்தக் கசிவு. பதினான்கு நாள் ஒரு சொல்லும் பேசக் கூடாது. பாடினால் நிரந்தர வடு விழலாம். ஸ்ரீரொயிட் மருந்து கொடுத்து வீக்கத்தை மறைக்க வேண்டாம். நோயாளியின் போன் அணைந்திருக்கிறது, இன்றே தெரிவிக்கவும். பத்து நிமிடம் கழித்து அங்கிருந்து ஒரு தாதி போனிலும் கூப்பிட்டாள். நான்தான் தாய், நானே சொல்லிவிடுகிறேன் என்றேன். அவளுக்கு வேலை ஒன்று குறைந்தது. "வொண்டர்ஃபுல்" என்று போனை வைத்தாள்.

சொல்லத்தான் இருந்தேன். ஆனால் தாளை இன்னொரு முறை வாசித்தேன். 'விழலாம்' என்றுதான் இருந்தது. 'விழும்' என்று இல்லை. வழக்குக்குப் பயந்து வைத்தியர்கள் எழுதுகிற சொல் எது என்று பதினேழு வருடம் முன்மேசையில் இருந்தவளுக்குத் தெரியாதா? சொன்னால் என்ன நடக்கும் என்றும் யோசித்தேன். மெலிசா அன்றைக்கே விலகுவாள். நாற்பத்தாறு பேர் பஸ்ஸில் வந்து வேறொருத்தியின் பாட்டைக் கேட்பார்கள். லாச்சியைப் பூட்டினேன்.

அடுத்தது உங்கள் தாள்களில் இல்லை. வேண்டாம் என்று எழுதியிருந்த மருந்தின் பெயரைப் பார்த்த பிறகுதான், அது எங்கள் வீட்டிலேயே இருப்பது எனக்கு ஞாபகம் வந்தது. என் மனிசன் அமிர்தநாதருக்கு ஆஸ்துமா. குளிர்காலத்தில் கொடுத்த மாத்திரைகள் மிச்சம் கிடந்தன. புதன்கிழமையிலிருந்து காலையில் இரண்டைப் பொடியாக்கி, மெலிசாவின் இஞ்சித் தேநீரில் கலந்தேன். கசப்புத் தெரியாமல் தேன் கூட விட்டேன். வியாழன் அவள் பாடியது எல்லோருக்கும் ஆச்சரியம். "அம்மாவின்ர ரீதான் மஜிக்," என்று குழுவில் எல்லோருக்கும் சொன்னாளாம். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிள்ளைகள் தாயின் கைப்பக்குவத்தைப் பாராட்டுவது இந்த நாட்டில் குறைவு.

சனிக்கிழமை காலை மெலிசா மில்லிக்கனில் எங்கள் வீட்டுக் குசினிக்குள் வந்து நின்றாள். கழுத்தில் துவாய் சுற்றியிருந்தாள்.

"அம்மா, எனக்குப் பயமா இருக்கு," என்றாள். "நேற்று மேல போகேக்க உள்ளுக்க ஏதோ கிழியிற மாதிரி. நாளைக்கு ஷரோனைப் பாடச் சொல்லப் போறன்."

ஷரோன் அவளுடைய சிநேகிதி. மெலிசாவுக்கு ஏலாமல் போனால் பாடுவதற்கென்று அதே பாட்டுகளைப் படித்து வைத்துக்கொண்டிருந்தவள். நல்ல பிள்ளை, அஜக்ஸில் இருக்கிறாள். ஆனால் நாற்பத்தாறு பேரில் ஒருவர்கூட அவளைப் பார்க்க வரவில்லை.

"கிளினிக்குக்கு ரிப்போர்ட் வந்ததே?" என்று மெலிசா கேட்டாள்.

"ஓம் பிள்ளை. செவ்வாய்க்கிழமையே வந்திட்டுது. சும்மா வீக்கமாம். பாடலாமாம்."

"ஷுவரா?"

"நான் உனக்குப் பொய் சொல்லுவனே?"

அவள் என் தோளில் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் நின்றாள். அமிர்தநாதர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, ஏலாதென்றால் பிள்ளையை விடன் எமில்டா என்றார். முப்பத்திரண்டு வருடத்தில் அவர் சொன்ன கருத்துகளில் இது மூன்றாவதோ நாலாவதோ. காருக்குக் காற்றுப் போதுமா என்று பார்த்துவரச் சொன்னேன். போனார்.

ஞாயிறு மண்டபம் நிறைந்திருந்தது. முதல் இரண்டு அங்கமும் அவள் பாடினாள். வின்சன்ற் அண்ணை இடைவேளையில் என்னிடம் வந்து, "எமில்டா, இவ்வளவு எண்டு நான் நினைக்கேல்லை," என்றார். பன்னிரண்டு வருடத்தில் முதல் முறையாக அவரிடம் அந்தக் கேள்வி இருக்கவில்லை. நான் இதை மறைக்கவில்லை: அந்த நிமிடத்துக்காக நான் எதையும் செய்திருப்பேன். செய்தும் இருந்தேன்.

மூன்றாம் அங்கத்தில் இளவரசன் தகப்பன் முன்னால் முழந்தாளிட்டு, என்னைப் பலி கொடுங்கள், எனக்குக் கோபமில்லை என்று பாடுகிற இடம். மெலிசா ஒரு உயர்ந்த சுரத்துக்குப் போனாள். வாய் திறந்திருந்தது, ஒன்றும் வரவில்லை. வாத்தியக்காரர்கள் இரண்டு வரி தனியே வாசித்தார்கள், பிறகு ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். அவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு சபையில் யாரையோ தேடினாள். என்னைத்தான் தேடினாள் என்று பிறகு ஷரோன் சொன்னாள். நான் அந்த நேரம் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பாட்டு முடிய இன்னும் நாலு வரிதான் இருந்தது. வெறும் நாலு வரி.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் நிபுணர், செவ்வாயே தெரிவித்தோமே என்று அவளிடம் கேட்டிருக்கிறார். அவளுக்குக் குரலே இல்லை. நேரே கிளினிக்குக்கு வந்தாள். நோயாளிகள் நிறைந்த அறையில் என் மேசைக்கு முன்னால் நின்று கையை நீட்டினாள். நான் லாச்சியைத் திறந்து தாளைக் கொடுத்தேன். வாசித்துவிட்டு டொக்டர் நவரட்ணத்தின் அறைக்குள் போனாள். உங்கள் கோப்பு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இரண்டு சத்திரசிகிச்சை முடிந்துவிட்டது. வடு நிரந்தரம் என்கிறார்கள். கிசுகிசுப்பாகப் பேசலாம், பாட்டு இல்லை. ஆகவே உங்கள் வசதிக்காக ஒரே இடத்தில் எழுதுகிறேன்: அறிக்கையை மறைத்தவள் நான். பாடலாம் என்று பொய் சொன்னவள் நான். மருந்து கலந்தவளும் நான். அது மெலிசாவுக்கு இன்னும் தெரியாது. நீங்கள் சொல்லத்தான் வேண்டுமென்றால் பக்குவமாகச் சொல்லுங்கள். அவளுக்கு இளகிய மனம்.

அவள் என்னை வெறுக்கிறாளா என்று உங்கள் உதவியாளர் கேட்டார். பிள்ளை இல்லாதவர் போலிருக்கிறது. மெலிசா இப்போது ஷரோன் வீட்டில் இருக்கிறாள். நான் மூன்று முறை போனேன். கதவு திறக்கவில்லை, மழை நாட்கள், தட்டினது கேட்டிருக்காது. மூன்றாம் முறை போனில் ஒரு செய்தி வந்தது. "ப்ளீஸ், இனி வராதேங்கோ." கோபமான பிள்ளை என்றால் 'ப்ளீஸ்' போடுமா? 'வராதே' என்றும் எழுதவில்லை. 'வராதேங்கோ' என்று மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறாள். பிள்ளையை எப்படி வளர்த்திருக்கிறேன் என்று அதிலேயே தெரியும்.