நகராத நீலப் புள்ளி

டீ வேண்டாம் சார், தண்ணீர் மட்டும் போதும். நாற்காலியும் வேண்டாம், நின்றே சொல்கிறேன். ஃப்ரிட்ஜ் ரிப்பேர் வேலையில் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு ஓடியே பழகிவிட்டது. "சாப்பாட்டுத் தட்டோட நடக்கற ஒரே ஆளு நீங்கதான்" என்று என் மனைவி கேலி செய்வாள்.

அவளுக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. நடமாட முடியாதவர்களின் வீட்டுக்கே போய் ரத்தம் எடுத்து வருவாள். எங்கே இருக்கிறாய் என்று கேட்டால், "ஊசி குத்திட்டு இருக்கேங்க, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாள். இந்த 'அப்புறம்' எனக்கு ஆகாத சமாச்சாரம். கையும் ஓடாது, காலும் ஓடாது. சந்தேகம் என்று எழுதிவிடாதீர்கள், அக்கறை.

அதனால்தான் மொபைல் ஆப் செய்யக் கற்றுக்கொண்டேன். ஆரம்பப் பாடங்கள் வீடியோவாகவே கிடைக்கின்றன. ஃபோன் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கும் பாடத்தில் வாத்தியார் சொன்னார்: "இப்போதைக்கு ஃபோன் கடைசியா குறிச்சு வச்சிருக்கற இடத்த எடுத்துக்குவோம். இந்த நிமிஷம் எங்க இருக்குன்னு புதுசா கேட்டு வாங்கறத அடுத்த பாடத்துல பாக்கலாம்." வரைபடத்தில் நீலப் புள்ளி வந்துவிட்டது. பிறகு அடுத்த பாடம் எதற்கு? மூடிவிட்டேன்.

தண்ணீர் குடிக்க ஞாபகப்படுத்தும் ஆப் என்று சொல்லி அவள் ஃபோனில் போட்டுக் கொடுத்தேன். உண்மையிலேயே ஞாபகப்படுத்தவும் செய்யும், அதில் ஏமாற்று இல்லை. இடத்தைத் தெரிந்துகொள்ள அனுமதி கேட்டது. அவள் குளித்துக்கொண்டிருந்தாள், அவள் சார்பில் நானே கொடுத்தேன். குடும்பம் என்றால் அப்படித்தானே? "எனக்காகவா செஞ்சீங்க? நீங்க ஒரு எடத்துல உக்காந்ததே பெரிய விஷயம்" என்று சிரித்தாள். கூட வேலை பார்ப்பவர்களிடம் காட்டிக் காட்டி மாய்ந்து போனாளாம். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அன்று மத்தியானத்திலிருந்து என் ஃபோனில் அவளுடைய புள்ளி ஒரே வீட்டில் நின்றது. ரத்தம் எடுக்க எவ்வளவு நேரம் ஆகும், சொல்லுங்கள். பாதி கழற்றிய ஃப்ரிட்ஜை அப்படியே போட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். பச்சை கேட் போட்ட வீடு. வாசலில் ஆண் செருப்பு. எதிரே நின்று அவளை ஃபோனில் கூப்பிட்டேன்.

"பஸ்ல வந்துட்டு இருக்கேங்க" என்றாள். பின்னால் ஹார்ன் சத்தம் கேட்டது. உள்ளே டிவி ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து மாடிப்படியின் உச்சியில் நின்றேன். இருட்டும் முன்பே படியேறி வந்துவிட்டாள். கையில் பை, முகமெல்லாம் வியர்வை.

"எங்க இருந்த?"

"பஸ்லதாங்க. சொன்னேனே."

என் ஃபோனைப் பார்த்தேன். புள்ளி இன்னும் அந்த வீட்டிலேயே இருந்தது. அவளோ என் கண் முன்னால் நிற்கிறாள். அப்போதாவது உனக்கு உறைத்திருக்க வேண்டாமா என்பீர்கள். எனக்குத் தோன்றியது வேறு. உடம்பு மட்டும்தான் இங்கே வந்திருக்கிறது என்று தோன்றியது. தள்ளினேன். கால் தவறி விழுந்துவிட்டாள் என்று பக்கத்து வீட்டில் நான் சொன்னது பொய்.

கீழே அவள் ஃபோன் ஒலித்தது. தண்ணீர் குடிக்கும் நேரம். அந்தச் சத்தத்தில்தான் எனக்கு அந்த ஆப்பின் மேலேயே முதல் தடவையாகச் சந்தேகம் வந்தது. லேப்டாப்பை எடுத்து வந்து அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன். அடுத்த பாடத்தை முழுக்கப் பார்த்தேன். இடையில் எழுந்திருக்கவே இல்லை. விஷயம் இவ்வளவுதான்: மத்தியானம் அந்த வீட்டுக்கு வழி தெரியாமல் அவள் ஃபோனில் மேப் பார்த்திருக்கிறாள். அப்போது ஃபோன் குறித்துவைத்த இடத்தையே என் ஆப் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறது. ஒரு வரியை மாற்ற வேண்டியிருந்தது. அவள் ஃபோனை ஒயரில் மாட்டி மாற்றினேன். புள்ளி அந்த வீட்டை விட்டு எங்கள் வீட்டுக்கு வந்தது. எத்தனை நிம்மதி, தெரியுமா?

அதற்கு அப்புறம் ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். கொஞ்சம் முன்னாடியே கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் உங்களிடம் சொன்னாராம். ஆமாம், பாடம் ஓடும்போது அவளுக்கு மூச்சு இருந்தது. "என்னங்க" என்றுகூட ஒருமுறை கூப்பிட்டாள். ஆனால் அவள் சொன்னது உண்மைதான் என்று உறுதியான பிறகுதானே சார் காப்பாற்றக் கூப்பிட முடியும்?