கேர் ஆஃப் ஈசாக் சார்

கட்டஞ்சாயா போதும், எஸ்.ஐ. சார். பால் எனக்கு ஆகாது. இருபத்தெட்டு வருஷம் மிஷன் பள்ளியில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்ததில் மிஞ்சியது இந்த வயிற்றெரிச்சல்தான்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நிலத்துக்காக நான் எதையும் செய்யவில்லை. குடியிருக்கிறவனுக்கே இடம் என்று சட்டம் வந்தது, எங்கள் தென்னை விளையில் குடிசை போட்டிருந்த பங்கஜாட்சிக்குப் பத்து சென்ட் போனது. காய்க்கிற தென்னை ஏழும் அதோடு போயிற்று. எண்ணிக்கொண்டா இருந்தேன், போகட்டும் என்று விட்டேன். அதற்குப் பிறகும் அவள் மகன் சுந்தரனுக்குச் சாயங்காலம் காசு வாங்காமல் பாடம் எடுத்தேன். மற்றவர்களோடு பெஞ்சில்தான் உட்காருவான், நான் ஒன்றும் சொன்னதில்லை.

துபாயில் ஒரு ஜெர்மன் கம்பெனிக்கு ஸ்டோர் கிளார்க் வேண்டும் என்று பேப்பரில் வந்தது. கல்ஃப் என்றால் இங்கே பையன்களுக்குச் சோறு இறங்காது. ஏழெட்டுப் பேர் விண்ணப்பம் எழுத வந்தார்கள். 'யுவர் ஜெர்மானிக் கம்பெனி' என்று பலகையில் எழுதிப்போட்டேன். ஜெர்மன் என்பதைவிடக் கொஞ்சம் கம்பீரமாக இருக்குமே என்று நினைத்தேன். சுந்தரன் எழுந்தான்.

"சாரே, கம்பெனிக்கு ஜெர்மன்தான் வரும். ஜெர்மானிக் எண்ணா ஒரு பாஷைக் குடும்பமாக்கும். இங்கிலீஷும் டச்சும் ஜெர்மனும் அதுல உண்டு. டிக்‌ஷனரியில பாத்தேன்."

மரியாதையாகத்தான் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நாலு திட்டு திட்டித் தீர்த்திருப்பேன். அந்த டிக்‌ஷனரியைப் பள்ளியிலிருந்து எடுத்துக்கொடுத்ததும் நான்தான்.

மற்றவர்கள் பலகையைப் பார்த்து எழுதினார்கள், அவன் விண்ணப்பத்தை அவனே எழுதினான். இங்கிலீஷ் ஒரு ஜெர்மானிக் மொழி, அதனால் அதற்கு உறவான உங்கள் மொழியையும் சீக்கிரம் படித்துவிடுவேன் என்று. விலாசத்துக்கு மட்டும் என்னிடம் வந்தான். புதிதாகப் பதிந்த இடத்துக்கு இன்னும் வீட்டு நம்பர் விழவில்லை. உதியன்குளங்கரைப் பக்கத்தில் அப்படிப்பட்டவர்களுக்கெல்லாம் தபால் என் பெயரில்தான் வரும். கேர் ஆஃப் ஈசாக் சார்.

ஒன்றரை மாதத்தில் பதில் வந்தது. உறை கனமாக இருந்தது, பிரித்தேன். வேலை உறுதி, தங்க இடம், மூன்று நேரச் சாப்பாடு. விசாவை வாங்க ஒரு மாதத்துக்குள் பம்பாய் ஆபீசுக்கு வரவும். அடியில் மானேஜர் பேனாவால் ஒரு வரி எழுதியிருந்தார். ஜெர்மானிக் என்ற சொல்லைச் சரியான பொருளில் எழுதிய விண்ணப்பம் இது ஒன்றுதான், சொல்லிக்கொடுத்த ஆசிரியருக்கு என் பாராட்டு. அதை நாலைந்து தடவை படித்தேன்.

சாயங்காலம் சுந்தரன் வந்தான்.

"இல்லண்ணு வந்துட்டு மக்கா," என்றேன். "அந்த ஜெர்மானிக்தான் பெழச்சுப் போச்சு. நான் பலகையில எழுதினதப் போல எழுதியிருக்கலாம்லா?"

காகிதத்தைக் காட்டச் சொல்லவில்லை அவன். ஈசாக் சார் பொய் சொல்வார் என்று இந்த ஊரில் யாருக்குத் தோன்றும். "அப்பம் தப்பு எனக்க மேலதான் சாரே," என்று தலையைக் குனிந்துகொண்டு போனான்.

அவன் கொஞ்சம் அடங்கட்டும், பிறகு கொடுக்கலாம் என்றுதான் இருந்தேன். ஒரு மாதம் இருந்ததல்லவா. அந்த வாரம் பரீட்சைத் தாள் வந்தது. அடுத்த வாரம் எனக்குக் காய்ச்சல். மனிதனுக்கு அசதி இருக்காதா, சார். அதற்குள் அவன் பம்பாய் போய், விசா இல்லாமல் கல்ஃபுக்கு ஆள் ஏற்றுகிற லாஞ்சுப் படகில் ஏறிவிட்டான். ஏறச் சொன்னது நானில்லை.

பிறகு பங்கஜாட்சி சனிக்கிழமைதோறும் வர ஆரம்பித்தாள். "எனக்க பிள்ளைக்க கடுதாசி வந்துதா சாரே?" இரண்டு மாதம் இல்லை என்றேன். ஒரு நாள் படியில் உட்கார்ந்து அழுதாள். பார்க்கச் சகிக்கவில்லை. உள்ளே போய் அந்த உறையை எடுத்துவந்து வாசித்தேன். ஸ்டோர் கிளார்க் வேலை, தங்க இடம், மூன்று நேரச் சாப்பாடு, மானேஜருக்கு அவன் இங்கிலீஷ் ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஒரு வார்த்தை நான் கூட்டிச் சொல்லவில்லை. "சாருக்க புண்ணியமாக்கும்," என்று கும்பிட்டாள். அடுத்த சனிக்கிழமையும் அதையே வாசித்தேன். பத்து மாதமாக வாசிக்கிறேன், இப்போது மனப்பாடம். பணம் வரவில்லையே என்று அவள் கேட்டதே இல்லை. பிள்ளை சாப்பிடுகிறான் என்று கேட்டால் போதும் அவளுக்கு.

போன வாரம் அதே லாஞ்சில் போன மோகனன் திரும்பி வந்தான். கரை தெரிகிற தூரத்தில் கடலில் இறக்கி நீந்தச் சொன்னார்களாம், சுந்தரன் கரையேறவில்லையாம். பங்கஜாட்சி நம்பவில்லை. சார்தான் சனிக்கிழமைதோறும் கடுதாசி வாசிக்கியாரே என்றாளாம். அதைக் கேட்டுத்தானே நீங்கள் என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்தீர்கள்.

உறை உங்கள் மேசை மேல் இருக்கிறது. மறைத்தேன், பொய் சொன்னேன், அவன் செத்தது என்னால்தான். அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். கோர்ட்டில் வாசிக்கும்போது மானேஜர் எழுதிய அந்தக் கடைசி வரியை விட்டுவிடாமல் வாசிக்கச் சொல்லுங்கள். ஆயிரம்தான் இருந்தாலும், அவனுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவன் நான்.