வெறும் இரைச்சல்தான்மா

வயர்லெஸ் செட் பழுதாகிவிட்டது என்று என்னிடம் தூக்கிக்கொண்டு வருகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேருடைய செட் பழுதாகியிருக்காது. எங்கோ ஓர் இணைப்பு தளர்ந்திருக்கும், இல்லையென்றால் கம்பி முனையில் பச்சை பூத்திருக்கும். மூடியைத் திறக்கவே வேண்டாம். வெளியில் இருப்பதைச் சுரண்டி மறுபடி மாட்டினால் போதும். நாற்பது வருடமாக நான் செய்துவருவது பெரும்பாலும் இந்தச் சுரண்டல்தான், நல்ல அர்த்தத்தில்.

இதை முதலில் சொல்லக் காரணம், மழைமானி நிலையத்தில் இருந்த செட் வேலை செய்யவில்லை என்று உங்கள் விசாரணை அறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. திங்கட்கிழமை பதினொன்றரை மணிக்கெல்லாம் அது மிக நன்றாக வேலை செய்தது. நான்தான் சரிசெய்ய வைத்தேன்.

என் தம்பியைப் பற்றிச் சொல்கிறேன். என்னைவிட ஒன்பது வயது இளையவன். சொன்னதைச் சொன்னபடி கேட்கிற ஆள். அவனுக்கு அமெச்சூர் ரேடியோ கற்றுக்கொடுத்து, பரீட்சை எழுத வைத்து, லைசென்ஸ் வாங்கித் தந்தது நான். நாற்பது மீட்டர் அலைவரிசையில் அதிகம் பேர் எட்டிப் பார்க்காத ஒரு மூலை உண்டு. அதை எங்கள் இடம் என்று வைத்துக்கொண்டிருந்தோம். அவன் வேலைக்குப் போன ஊர்களில் இருந்தெல்லாம் காலையில் அங்கே வந்து கூப்பிடுவான்.

பிறகு ஒரே வீட்டில் குடியிருக்கும்படி ஆயிற்று. நான் மேலே, அவன் குடும்பம் கீழே. நான் மைக்கைப் பிடித்தால் கீழே டிவியில் கோடு விழும், சில சமயம் என் குரலே கேட்கும். தம்பி மனைவி சிரித்துக்கொண்டு, "மாமா இன்னிக்கு நியூஸ் வாசிக்கிறாரு" என்பாள். தம்பிக்குச் சிரிப்பு வரவில்லை. என் மனைவி இறந்த பிறகு நான் மேலே இருந்து இறங்குவதே குறைந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடி ஏறி வந்து, ஆன்டெனா கம்பியைக் குறடால் வெட்டிப்போட்டான்.

"பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேச முடியல. முகம் தெரியாதவன்கிட்ட மட்டும் நாள் முழுக்கப் பேசறீங்க. இது வியாதி அண்ணே."

நான், "இனிமே நீ என்கூடப் பேசாதே" என்றேன். அதையும் அவன் கேட்டான். பதினொரு வருடம் பேசவில்லை. நான் இந்த வாடகை அறைக்கு வந்து புதுக் கம்பி கட்டினேன். தினமும் காலையில் அரை மணி நேரம் எங்கள் இடத்தில் ரிசீவரை வைத்துக் காத்திருப்பேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லும்படியான விஷயமும் இல்லை.

அந்தத் திங்கட்கிழமை மலைச்சாலை சரிந்ததை வானொலிச் செய்தியில் கேட்டேன். அவன்தான் மலைமேல் இருக்கும் மழைமானி நிலையத்துக்குப் பொறுப்பாளர் என்பது எனக்குத் தெரியும். செல்போன் கோபுரம் விழுந்துவிட்டது. பத்து நாற்பதுக்கு எங்கள் இடத்தில் ஒரு குரல் வந்தது. வாயில் தண்ணீர் வைத்துக்கொண்டு கொப்பளிப்பது போல் இருந்தது. ஒரு சொல்கூடப் புரியவில்லை. ஆனாலும் அது யாரென்று எனக்குத் தெரிந்தது.

"பவரைக் குறை," என்றேன். "அஞ்சு வாட்டுக்குக் கொண்டுவா. மைக்கை வாயோட ஒட்டி வைக்காதே."

குரல் கொஞ்சம் தெளிந்தது. "அண்ணே. நீங்க இங்கதான் கேட்டுட்டு இருப்பீங்கன்னு தெரியும்."

பேட்டரி எது என்று கேட்டேன். ஜீப்பில் இருந்து கழற்றியது என்றான். மீட்டரில் முள் எங்கே போகிறது என்று கேட்டேன். சிவப்புக்குப் போகிறது என்றான். அப்படியென்றால் பவர் கம்பிக்குப் போய்ச் சேராமல் திரும்பி வருகிறது. செட்டின் பின்னால் ஆன்டெனா கேபிளைத் திருகுகிற இடத்தைக் கழற்றிப் பார்க்கச் சொன்னேன்.

"பச்சையா பூத்திருக்கு அண்ணே."

"கத்தியால சுரண்டு. செம்பு பளபளன்னு தெரியணும். அவசரப்படாதே."

கால் மணி நேரம் கழித்து அவன் திரும்ப வந்தபோது பக்கத்து அறையில் இருந்து பேசுவது போல இருந்தது. நிலையத்தின் முன் அறை நொறுங்கிவிட்டது என்றான். பின் அறை நிற்கிறது. அவனுக்கு இடுப்பில் அடி, எழுந்து நடக்க முடியும், சுமை தூக்க முடியாது. கூட இருந்த ஜீப் டிரைவருக்கு உத்திரம் விழுந்து ஒரு கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியிருந்தது. குடிக்கத் தண்ணீர் உண்டு, ஒரு டப்பா பிஸ்கட் உண்டு. எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னான். நானும் ஒழுங்காக எழுதிக்கொண்டேன். அந்த லாக் புத்தகம் உங்கள் மேஜைமேல் இருக்கிறது. அதில் ஒரு நேரம்கூடத் தவறாக இருக்காது.

பன்னிரண்டு மணிக்கு எங்கள் அமெச்சூர் ரேடியோ சங்கத்தின் செயலாளர் அவசர அலைவரிசையில் எல்லோரையும் வரிசையாகக் கூப்பிட்டார். மீட்புக் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருந்தார். மலைச்சரிவுக்கு முன்பு அந்த ஜீப் கீழே இறங்கி வந்ததைப் பார்த்ததாகச் சோதனைச் சாவடிக் காவலர் சொல்லியிருக்கிறார், அதனால் நிலையம் காலி, ஆற்றோரமாகத் தேடப் போகிறார்கள், மலைப் பக்கம் இருந்து யாருக்காவது சிக்னல் கிடைத்ததா என்று கேட்டார். காவலர் பார்த்தது வேறு ஏதோ ஜீப்.

என் முறை வந்தது. "இங்கே எதுவும் இல்லை" என்றேன்.

ஏன் என்று நீங்கள் மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். நான் ஆம் என்றிருந்தால் நடைமுறை என்ன தெரியுமா? அவனை அவசர அலைவரிசைக்கு மாறச் சொல்வார்கள். அவன் மாறுவான், சொன்னதைக் கேட்கிறவன் அல்லவா. அதற்குப் பிறகு செயலாளர் பேசுவார், டாக்டர் பேசுவார், உங்களைப் போல் யாராவது அதிகாரி பேசுவார். நான் வரிசையில் பதினான்காவது ஆள். பதினொரு வருடத்தில் அவனோடு நான் பேசியது ஒரு மணி நேரம். இன்னும் ஒரு மணி நேரம் பேசிவிட்டுச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். நியாயமாகத்தான் பட்டது.

அந்த ஒரு மணி நேரத்தில் அவன் அம்மாவைப் பற்றிப் பேசினான். கடைசி நாட்களில் அம்மா என்னைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாராம். "சொல்லி அனுப்பத்தான் நெனச்சேன். நீங்கதான் பேசாதேன்னீங்களே" என்றான். பேட்டரி வீணாகும், சுருக்கமாகப் பேசு என்றேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, பத்து நிமிடம் என்று நேரம் வகுத்துக் கொடுத்தேன். அடுத்த நேரம் வரும்வரை நான் நாற்காலியை விட்டு எழவில்லை.

சாயங்காலம் செயலாளர் மறுபடி கேட்டார். இப்போது உண்டு என்று சொன்னால், மத்தியானம் ஏன் இல்லை என்றாய் என்று கேட்பார்கள். மறுபடியும் இல்லை என்றேன். அதற்குப் பிறகு என் கையில் எதுவும் இல்லை. ஒவ்வொரு இல்லையும் முந்தைய இல்லைக்குக் காவல் நிற்க வேண்டியிருந்தது. மண்ணில் சிக்கியது அவர்கள் இரண்டு பேர் மட்டும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள்.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குத் தம்பி மனைவி வந்தாள். என் அறைக்கு அவள் வந்ததே அதுதான் முதல் தடவை. கதவருகில் நின்றுகொண்டு, உட்காரச் சொன்னாலும் உட்காராமல், செட்டையே பார்த்தாள். நான் ஹெட்போன் மாட்டியிருந்தேன். அது தம்பியின் நேரம். என் காதில் அவன் பேசிக்கொண்டிருந்தான், டிரைவருக்குக் காய்ச்சல் கொதிக்கிறது, கால் கறுத்துவிட்டது, என்ன செய்ய என்று.

"ஏதாவது கேட்டுச்சா மாமா?"

"வெறும் இரைச்சல்தான்மா" என்றேன்.

"கேட்டா உடனே சொல்லுவீங்கல்ல? உங்க ரெண்டு பேருக்கும் ஆயிரம் இருக்கும். இருந்தாலும் சொல்லுவீங்கல்ல?"

சொல்வேன் என்றேன். அவள் கைகூப்பிவிட்டுப் போனாள். ஹெட்போனில் தம்பி, "அண்ணே, இருக்கீங்களா, இருக்கீங்களா" என்று கேட்டுக்கொண்டிருந்தான். இருக்கிறேன் என்றேன். காலை உயரமாக வைத்து ஈரத்துணி போடச் சொன்னேன். எனக்கு மருத்துவம் தெரியாது.

அன்று மத்தியானம் டிரைவர் மைக்கை வாங்கிப் பேசினான். "ஐயா, வீட்டுல சொல்லிடுங்க, நான் நல்லா இருக்கேன், வந்துடுவேன்னு. எம் பொண்ணு பயந்துக்கும்." அவசரச் செய்திகளுக்கு எங்களிடம் ஒரு படிவம் உண்டு. அனுப்புநர், பெறுநர், நேரம், சொற்களின் எண்ணிக்கை. அதில் முறைப்படி எழுதி, அவனுக்குத் திருப்பி வாசித்துக் காட்டி, சரிதானா என்று கேட்டேன். சரி என்றான். அந்தப் படிவமும் லாக் புத்தகத்துக்குள் இருக்கிறது.

புதன்கிழமை காலையில் வானம் திறந்தது. நான்கு மணி நேரம் நல்ல வெயில். தம்பி, "ஹெலிகாப்டர் சத்தம் கேக்குது அண்ணே. ஆத்துப் பக்கமாப் போவுது. இங்க வரச் சொன்னீங்கதானே?" என்றான்.

"சொல்லியிருக்கேன். வரிசையா வருவாங்க. நீ அங்கேயே இரு."

பிறகு, கட்டுப்பாட்டு அறை எந்த அலைவரிசையில் இருக்கிறது, அங்கே போய் நானே ஒரு தடவை கூப்பிட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டான். டயலை இரண்டு விரலால் இரண்டு சுற்றுச் சுற்றினால் போதும். நான் வேண்டாம் என்றேன். அந்தக் கம்பியின் நீளம் இந்த ஒரு இடத்துக்கு மட்டும்தான் பொருந்தும், நகர்ந்தால் பவர் திரும்பி வந்து டிரான்சிஸ்டரைச் சுட்டுவிடும், அதற்குப் பிறகு என்னோடுகூடப் பேச முடியாது என்றேன். சங்கத்தில் போன வாரம் சேர்ந்தவனுக்குக்கூட இது பொய் என்று தெரியும். அவன் செட்டைத் தொட்டுப் பல வருடங்கள் ஆகிவிட்டன. சரி அண்ணே என்றான்.

அப்படியானால் மெதுவாக நடந்து இறங்கட்டுமா என்றும் கேட்டான். டிரைவரை விட்டுவிட்டா போவாய் என்று கேட்டேன். அது அவனுக்குச் சுருக்கென்று பட்டிருக்க வேண்டும். இருந்துவிட்டான். டிரைவர் அன்றைக்கே மூன்று இருபதுக்கு இறந்துபோனான். அப்போது மழை மறுபடி பிடித்துக்கொண்டிருந்தது, பாதையும் இல்லை.

அதைச் சொல்லிவிட்டு அவன் அழுதான். பொத்தானை அழுத்திக்கொண்டே அழுதான், பேட்டரிக்கு அது நல்லதல்ல. நான் தடுக்கவில்லை. என்னிடம் அவன் அழுதது அவனுடைய ஏழாவது வயதுக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

வியாழக்கிழமை காலையில் பேட்டரி பதினொரு வோல்டுக்குக் கீழே வந்துவிட்டது. பின் சுவரில் கை நுழையும் அளவுக்கு விரிசல் விட்டிருக்கிறது, அதன் வழியே சேறு வருகிறது என்றான். பதினொரு மணிக்குத் தம்பி மனைவி வந்து நின்றாள். அதே கேள்வியைக் கேட்டாள். நான் அதே பதிலைச் சொன்னேன். அவள் போன பிறகு அவனைக் கூப்பிட்டேன். அவன் நிதானமாகப் பேசினான்.

"அண்ணே, ஒண்ணு கேக்கறேன். நீங்க யார்கிட்டயும் சொல்லலை, இல்ல?"

நான் பொத்தானை அழுத்தவில்லை. ஒரு நிமிடம் காத்திருந்தான். பிறகு எங்கள் இடத்தில் வெறும் இரைச்சல்.

டயலைச் சுற்றி, ஆட்கள் பேசும் இடத்தைத் தேடியிருப்பான், எங்கே போய் நின்றிருப்பான் என்று தெரியும். என் டயலையும் அங்கே திருப்பினேன். அவசர அலைவரிசையில் அவன் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். பேட்டரி இறங்கியதால் குரல் மறுபடி கொப்பளித்தது. நிலையம் என்ற சொல்லில் பாதி எனக்குப் புரிந்தது, மற்றவர்களுக்குப் புரிந்திருக்காது. ஆனால் செயலாளருக்குக் காது கூர்மை.

"யாரோ கூப்பிடறாங்க. எல்லாரும் கொஞ்சம் அமைதியா இருங்க. யாருக்காவது புரியுதா?"

எல்லோரும் அமைதியாக இருந்தார்கள். அந்த அமைதியில் இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டிருந்தால் புரிந்திருக்கும். நான் என் பவரை நூறு வாட்டுக்கு ஏற்றினேன். அவனுடையது அப்போது இரண்டு வாட்டுக்கு மேல் இருக்காது. பொத்தானை அழுத்தி, "மன்னிக்கணும், அது என் செட்தான். டியூன் பண்ணிட்டு இருக்கேன். ஒரு நிமிஷம் கொடுங்க" என்றேன். செயலாளர் சரி என்றார். நாற்பது வருடமாக என்னைத் தெரிந்தவர். பிறகு ஒரு நிமிடம், கடிகாரத்தைப் பார்த்து, பேச்சில்லாத வெறும் அலையை அனுப்பிக்கொண்டிருந்தேன். அதற்கு அடியில் அவன் பேசியிருப்பான். எனக்குக் கேட்கவில்லை. அனுப்பும்போது நமக்கு எதுவும் கேட்காது, செட்டின் அமைப்பே அப்படி.

இதுதான் நீங்கள் கேட்டது. டிரைவரையும் என் தம்பியையும் நான்தான் அங்கே இருக்க வைத்தேன். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள், எழுதுகிறவரைச் சேர்க்கச் சொல்லுங்கள். பன்னிரண்டு ஐந்துக்கு அவன் எங்கள் இடத்துக்கே திரும்பி வந்தான். அண்ணே என்று மட்டும் சொன்னான். நான் உடனே பதில் சொன்னேன். சுவர் விழும்வரை பேசிக்கொண்டே இருந்தேன். அவ்வளவு பெரிய மலையில் அவனை நான் தனியாக விடவில்லை.